சத்தம் போடுவது பாய்லரா, தண்ணீரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாய்லரில் சூடாகும் தண்ணீரைக் குழாய் வழியே அறைகளில் உள்ள ரேடியேட்டர் என்னும் இரும்புப் பலகைகளுக்கு அனுப்பி வீட்டைச் சூடாக்கும் சென்ட்ரல் ஹீட்டிங் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சத்தம் வர ஆரம்பித்துவிட்டால் பாய்லருக்கு வயதாகிவிட்டது, மாற்றிவிடுவதே நல்லது என்கிற ரீதியில் முடித்திருக்கிறீர்கள். இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பல வீடுகளில் கோளாறு பாய்லரில் இல்லை, அதற்குள் சுற்றிவரும் தண்ணீரில் இருக்கிறது. புது பாய்லரை மாட்டி அதே அழுக்குத் தண்ணீரை ஓடவிட்டால் அதுவும் கொஞ்ச காலத்தில் உறுமத்தான் போகிறது.

கெட்டில் கொதிப்பதுபோல் கேட்கும் அந்த உறுமலையே எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புச் சத்து சூட்டில்தான் தண்ணீரிலிருந்து பிரிந்து படியும். அதனால் பாய்லரில் அதிகம் சூடாகும் வெப்பப் பரிமாற்றியின் (தீயின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பாகம்) உள்சுவரில் அது ஒட்டிக்கொள்கிறது. படிவுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் கொதித்து ஆவிக் குமிழாகிறது. சற்றுத் தள்ளி ஓடும் தண்ணீரில் பட்டதும் குமிழ் உடைகிறது. அந்த உடைப்புகளின் சத்தம்தான் நமக்குக் கேட்கிறது. குழாயில் சகதி அடைத்துத் தண்ணீர் ஓட்டம் குறைந்தாலும் இதே கதைதான். பாய்லரின் வெப்பநிலையைக் குறைத்து வைத்தால் உறுமல் அடங்கும், ஆனால் படிவு போகாது.

சகதி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஹீட்டிங்கை நிறுத்தி, ரேடியேட்டர் ஆறிய பிறகு, மேல் மூலையில் இருக்கும் சின்ன வால்வைச் சாவியால் மெல்லத் திருப்புங்கள். 'உஸ்' என்று காற்று போனால், ரேடியேட்டரில் களகளவென்று கேட்கும் சத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அடுத்து வரும் தண்ணீரை வெள்ளைத் துணியில் பிடியுங்கள். கறுப்பாக இருந்தால் அது ரேடியேட்டரின் இரும்பு உள்ளே அரித்து உண்டான மேக்னடைட் என்ற இரும்பு ஆக்ஸைடு; சகதி என்பது இதுதான். காந்தத்தில் ஒட்டும்.

கட்டுரை தொடாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. குழாய்ச் சுற்றில் தண்ணீரின் பிரஷர் குறைந்தால் தண்ணீர் ஏற்றுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அளவு) இருக்க வேண்டும்தான். ஆனால் அடிக்கடி ஏற்ற வேண்டியிருந்தால்? மூடிய சுற்றில் முதலில் நிரப்பிய தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு கொஞ்சம்தான். அது படிந்ததோடு தீர்ந்தது. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் புதுச் சுண்ணாம்பும், இரும்பை அரிக்கப் புது ஆக்ஸிஜனும் உள்ளே போகின்றன. ஆகவே கசிவைத்தான் முதலில் தேட வேண்டும். ரேடியேட்டர் வால்வுகளின் அடியில் ஈரமோ பச்சைக் கறையோ தெரிகிறதா பாருங்கள். சூடானதும் பிரஷர் காட்டும் முள் 3 பாரை நெருங்கி, ஆறியதும் ஒரேயடியாக விழுந்தால் சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுக் கலனில் காற்று இறங்கியிருக்கக்கூடும். அப்போது தண்ணீர் பாதுகாப்பு வால்வு வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு ரசாயனம் ஊற்றிக் கழுவுவது வீண் செலவு.

மற்ற சத்தங்களுக்கு இவ்வளவு தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சூடேறும்போதும் ஆறும்போதும் மட்டும் 'டிக் டிக்' என்றால் குழாய் நீண்டு சுருங்கி மரச்சட்டத்தில் உரசுகிறது. 10 மீட்டர் செப்புக் குழாய் 50 டிகிரி சூடேறினால் சுமார் 8 மில்லிமீட்டர் நீளும், சத்தம் வராமல் என்ன செய்யும்! விடாத ரீங்காரம் என்றால் பம்பின் வேகம் அதிகமாக வைக்கப்பட்டிருக்கலாம்.

ஆனால் பற்றவைக்கும்போது 'டப்' என்று வெடிச் சத்தம் கேட்டால் மேலே சொன்ன எதையும் செய்து பார்க்கக் கூடாது. பற்றுவதற்குள் வாயு சேர்ந்துவிடுகிறது என்று அர்த்தம். பாய்லரை அணைத்துவிட்டு, எரிவாயு வேலைக்கு உரிமம் பெற்றவரைத்தான் கூப்பிட வேண்டும். சரியாக எரியாத பாய்லரிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வரலாம், அதற்கு வாசனையும் கிடையாது. அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்