214 யார்?

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. இடது கண்ணில் புரை எடுத்தார்கள். சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. முதல் வேலையாக உனக்குத்தான் எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அந்தப் பொத்தானைத் தொடாதே.

வம்சாவளி மென்பொருளில் 340 பேரை ஏற்றிவிட்டாய், அதில் 17, 58, 59, 203 என்று நாலு நம்பர் காலியாகக் கிடக்கிறது, 'மறுபடி வரிசை எண் கொடு' என்று மெனுவில் ஒன்று இருக்கிறது, அழுத்தினால் ஓட்டையெல்லாம் அடைபட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறாய். அடைபடும். ஆனால் முப்பது வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் கேட்கிற கேள்வியா இது? ரசீதுப் புத்தகத்தில் ஒன்று தப்பாகப் போனால் நீ என்ன செய்வாய்? குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதி, அடிக்கட்டையோடு சேர்த்து வைப்பாய். அதற்காக அடுத்த ரசீதுகளின் நம்பரையெல்லாம் ஒவ்வொன்று குறைத்துக்கொண்டே போவாயா?

இவ்வளவு தெளிவாகப் பேசுகிறேனே, நான் அழுத்தியவன்தான். அந்தக் கதையை உன்னிடம் சொல்லவில்லை. வெட்கம்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த போட்டோக்கள் உனக்கு நினைவிருக்கும். எல்லாவற்றுக்கும் பின்பக்கம் மெல்லிய பென்சிலால், கம்ப்யூட்டரில் அந்த ஆளுக்கு என்ன நம்பரோ அதை எழுதி வைத்தேன். பெயரை எழுதினால் என்ன என்று கேட்பாய். எங்கள் வீட்டில் பெயரை எழுதி என்ன பிரயோசனம்? பாட்டன் பெயர் பேரனுக்கு. சு. சங்கரலிங்கத்தின் மகன் ச. சுப்பையா, அவர் மகன் மறுபடியும் சு. சங்கரலிங்கம். இனிஷியலோடு சேர்த்து அப்படியே திரும்பி வரும். அந்த மாதிரி எங்கள் கிளையில் மட்டும் ஐந்து சங்கரலிங்கம் இருக்கிறார்கள். மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று மருமகள்கள் பிள்ளையை 'ராசா' என்றே கூப்பிட்டு, அதிலும் மூன்று ராசா. மென்பொருளிலோ குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் காத்துக்கொண்டிருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கடைசியில் ஆளைப் பிரித்துக் காட்டுவது நம்பர் ஒன்றுதான்.

அப்புறம் சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் தன்னிடமிருந்த பட்டியலை அனுப்பினான். அதைச் சேர்த்ததும் ஒரே ஆள் இரண்டு தடவை வந்து நின்றார்கள். 31 பேரை நீக்கினேன். நடுநடுவே பல்லுப் போன மாதிரி இடைவெளி. அழுத்தினேன். இரண்டு விநாடிகூட ஆகவில்லை, எல்லாம் ஒன்றிலிருந்து ஒழுங்காக வரிசையில் நின்றன. அன்றைக்கு எனக்கு அவ்வளவு திருப்தி.

மூன்று மாதம் கழித்துத் தீபாவளிக்கு அத்தை வந்திருந்தாள். எண்பத்து நாலு வயது, ஞாபகம் கத்தி மாதிரி. பெட்டியைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்து, 'இது யாரு, உன் கம்ப்யூட்டர் பெட்டியைக் கேட்டுச் சொல்லு' என்றாள். பின்பக்கம் 214. நானும் பெருமையாகத் தட்டினேன். 2011இல் பிறந்த என் தங்கை பேத்தி வந்து நின்றாள். போட்டோவில் இருப்பவரோ காதில் கடுக்கனும் தலையில் குடுமியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அத்தை திரையைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள். 'இந்தப் பிள்ளைக்கு எப்போடா கடுக்கன் போட்டீங்க?' என்றாள்.

இதில் கம்ப்யூட்டர் மேல் தப்புச் சொல்ல முடியாது, மூர்த்தி. ஜெட்காம் கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்து பார், விஷயம் புரிந்துவிடும். 1984இல் அமெரிக்காவின் மார்மன் சபையார் கொண்டுவந்த முறை அது. எந்த வம்சாவளி மென்பொருளும் இன்னொன்றோடு பேச அதைத்தான் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பதிவு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக ஒரு பதிவு. குடும்பப் பதிவில் கணவன் 12, மனைவி 40, பிள்ளைகள் 41, 42, 43 என்று நம்பர் மட்டும்தான் இருக்கும், பெயரே இருக்காது. வரிசை மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றிவிடும். அதனால் உள்ளே யாருடைய அப்பாவும் மாறவில்லை. என் பென்சில் எழுத்து மட்டும் வெளியே அநாதையாகிவிட்டது. அந்த நம்பருக்கு அந்த ஒரு கோப்புக்குள்தான் மதிப்பு. அதே கோப்பைச் சித்தப்பா மகன் தன் பட்டியலோடு சேர்த்தால், அங்கே ஏற்கெனவே ஒரு 214 இருக்கும். நம்முடையது வேறு நம்பரை வாங்கிக்கொள்ளும். போனில் 'உன் 58 யாரு?' என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

நல்லவேளை, அழுத்துவதற்கு முந்தின நாள் எடுத்த நகல் பென்டிரைவில் இருந்தது. பழைய பட்டியலையும் புதியதையும் எக்செலில் பக்கத்துப் பக்கமாகப் போட்டு, பெயர், அப்பா பெயர், பிறந்த வருஷம் மூன்றையும் வைத்துப் பொருத்தினேன். நாலு சாயங்காலம் ஆனது. ஒன்பது போட்டோ மிஞ்சியது. நகல் எடுத்ததற்கும் அழுத்தியதற்கும் நடுவே நான் சேர்த்து, எங்கேயும் குறித்து வைக்காத ஆட்கள். அத்தை ஏழு பேரை அடையாளம் சொன்னாள். இரண்டு இன்னும் நிற்கிறது.

எனக்கு இதில் ரொம்ப உறுத்தியது என்ன தெரியுமா? பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் சேர்க்கைப் பதிவேடு எழுதியவன் நான். வருகைப் பதிவேட்டில் ஒரு பையனுக்கு வருஷத்துக்கு ஒரு நம்பர் வரும், யாராவது டி.சி. வாங்கிக்கொண்டு போனால் அடுத்த ஆண்டு எல்லாருக்கும் மாறும். சேர்க்கை எண் அப்படி இல்லை. பையன் பள்ளியை விட்டுப் போய் நாற்பது வருஷம் கழித்து வந்து கேட்டாலும் அதே எண், அதே பக்கம். இரண்டும் வேறு என்று எத்தனை புது ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! ஜெட்காமிலும் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. 'ரின்' என்பது மென்பொருள் தானாகப் போடுவது. 'ரெஃப்என்' என்பது நாம் போட்டுக்கொள்வது. பழைய பாஃப் மென்பொருளில் கல்யாணத்துக்கும் தனியாக ஒரு நம்பர் உண்டு, 'எம்ரின்' என்பார்கள். எங்கள் பூட்டனார் இரண்டு கட்டியவர், அவருக்கு இரண்டு எம்ரின். கிராம்ப்ஸ் என்கிற இன்னொரு மென்பொருளில் நம் கண்ணுக்குத் தெரியும் நம்பர் ஒன்று, உள்ளே அது தனக்காக வைத்துக்கொள்ளும் நீளமான அடையாளம் வேறொன்று. 2021இல் வந்த ஜெட்காம் 7.0இல் ஒவ்வொரு பதிவுக்கும் உலகத்தில் வேறெங்கும் வராத ஓர் அடையாளம் கொடுக்க வழி செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் முப்பது சொச்சம் எழுத்து. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவின் முதுகில் அதை எழுத இடம் ஏது?

ஆகவே காகிதத்தில் எழுதுகிற நம்பரை நீயே கொடு. ரெஃப்என் கட்டத்தில் போட்டுவிடு. மற்றதை மென்பொருள் இஷ்டப்படி விட்டுவிடு, கண்ணில் படாமல் மறைக்க முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டு பதிவை ஒன்றாக்கும்போது நான் பழைய நம்பரை வைத்துக்கொண்டு, போன நம்பரைக் குறிப்பில் எழுதிவிடுகிறேன். போன நம்பரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. உன் பாஷையில் 'ரத்து'.

தலைமுறைப்படி நம்பர் வைத்தால் அழகாக இருக்குமே என்றும் எழுதியிருக்கிறாய். ஐரோப்பாவில் அப்படி ஒரு பழைய கணக்கு உண்டு. 1590இல் ஐட்ஸிங்கர் என்பவர் பயன்படுத்தியது, 1898இல் கெக்குலே என்பவர் மறுபடி பரப்பினார். நான் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய நம்பரையும் இரட்டித்தால் அவர் அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அவர் அம்மா. கணக்கு மட்டும் பார்த்தால் அருமை. ஆனால் நம் வீட்டுக்குள் வந்தால் திணறும். எங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டியை அவள் தாய்மாமனுக்கே கட்டி வைத்தார்கள். தாத்தா 4, பாட்டி 5. பாட்டியின் அம்மா 11. அந்த 11 யார் என்றால் தாத்தாவின் கூடப்பிறந்த அக்கா. அப்படியானால் தாத்தாவின் அப்பா என்ற முறையில் 8, அக்காவின் அப்பா என்ற முறையில் 22, இரண்டும் ஒரே மனிதர். அவர் போட்டோவுக்குப் பின்னால் எதை எழுதுவது? சரி, அதைக்கூட விடு. பெற்றவர்கள் மட்டும்தான் அந்தக் கணக்கில் வருவார்கள். அத்தைக்கு அதில் இடமே கிடையாது. இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மற்றபடி இங்கே எல்லாரும் நலம். சின்னவன் வேலை மாறிக் கோவைக்குப் போய்விட்டான். வெயில் இப்போதே பங்குனி உத்திரம் மாதிரி அடிக்கிறது.

மிஞ்சின இரண்டு போட்டோவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்றில் குடை பிடித்த ஒருவர், பின்னால் படிக்கட்டும் பூஜாடியும் வரைந்த ஸ்டுடியோ திரை. பின்பக்கம் 377. இன்னொன்றில் ஓர் அம்மாள், மடியில் மொட்டைத் தலைக் குழந்தை. அந்தக் காலத்தில் இரண்டு வீட்டாரும் ஒரே தெருதானே. உன் அம்மாவுக்கு இன்னும் கண் நன்றாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். வெளிச்சத்தில் உட்கார வைத்துக் காட்டிக் கேள். பெயரும் இன்னார் மகன் என்பதும் சொன்னால் போதும். நம்பர் நான் போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்