சிறுவனைப் பிடித்த நேரத்தை எழுதுங்கள்: ஒரு குழந்தைகள் நல காவல் அலுவலருக்குக் கடிதம்

ஐயா,

வணக்கம். உங்கள் காவல் நிலையத்தின் குழந்தைகள் நல காவல் அலுவலர் பொறுப்பு இப்போது உங்களிடம் வந்திருக்கிறது. பந்தோபஸ்து, கோர்ட் டூட்டி எல்லாவற்றுக்கும் மேலே இதுவும். சிறார் வழக்குகள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: சிறுவனைப் பிடித்த நேரத்தை எழுதுவதில்.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, பிடிபட்ட சிறுவனைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப் கூடவே கூடாது. ஆனால் "விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்" என்று இரவில் கூட்டி வந்த பையனுக்கு, ஜி.டி.யில் (ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில்) பதிவு ஏறுவது மறுநாள் மாலை. அடி விழுவதும், வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதும், நிலுவை வழக்குகளை அவன் தலையில் கட்டுவதும் கணக்கில் வராத அந்த மணி நேரங்களில்தான். ஆகவே அவன் வாசலில் கால் வைத்ததும் நேரத்தையும் கூட்டி வந்தவர் பெயரையும் பதியுங்கள். பெற்றோருக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் தகவல் சொன்ன நேரத்தை அதன் கீழேயே எழுதுங்கள்.

பல நேரம் கூட்டி வரவே தேவையில்லை. இந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளின் 8ஆம் விதிப்படி, கொடுங்குற்றம் அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றம் என்றால்தான் எஃப்.ஐ.ஆர். சாதாரண செல்போன் திருட்டுக்கு ஜி.டி. பதிவும், படிவம் 1இல் சமூகப் பின்னணி அறிக்கையும் போதும். பையன் வீட்டிலேயே இருப்பான். குழுமத்துக்கு வரவேண்டிய தேதியைப் பெற்றோரிடம் சொன்னால் போதும். திருட்டுப் பொருளை மீட்டதாக 'ரெக்கவரி' கணக்குக் காட்டும் அவசரத்தில் இந்த விதியை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

கூட்டி வந்தே ஆகவேண்டும் என்றால் நீங்கள் மஃப்டியில் இருங்கள். விலங்கு கூடாது, வாக்குமூலத்தில் கையெழுத்தும் கூடாது. பெற்றோர் உடன் இருக்கலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் தகவல் போகவேண்டும்.

"பாத்தா 19 மாதிரி இருக்கான்" என்று ஸ்டேஷனில் பதிவுகளை எழுதும் ரைட்டர் வயதைப் போட்டுவிட்டால் பையன் நேரே பெரியவர்களுக்கான சிறைக்குப் போய்விடுவான். சட்டத்தின் 94ஆம் பிரிவில் வயதுக்கு ஆதாரம் பள்ளியின் பிறந்த தேதிச் சான்றோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோதான் முதலில். அடுத்தது உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழ். இவை எதுவுமே இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. அதுவும் ஓரிரு வருடம் முன்பின் காட்டும். சந்தேகம் இருந்தால் முடிவு சொல்ல வேண்டியது குழுமம், ஸ்டேஷன் அல்ல.

சிசிடிவி பற்றியும் சொல்ல வேண்டும். 2020இல் உச்ச நீதிமன்றம் ஸ்டேஷன் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்கச் சொன்னது. அந்த வசதி இல்லாத கருவி என்றாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. கேமராவில் இரவு பத்து, ஜி.டி.யில் மறுநாள் மாலை ஐந்து என்று இருந்தால், பதில் சொல்லப்போவது கையெழுத்துப் போட்ட நீங்கள். பொறுப்பில் இருக்கும் குழந்தையை அடித்தால் 75ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

கடைசியாக, "இன்னைக்கு ஞாயிறு, குழுமம் கூடாது" என்ற சாக்கு. கூடாத நாளில் தனி உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம் என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. உறுப்பினர்களின் முகவரியையும் கைபேசி எண்களையும் இன்றே வாங்கி ரைட்டர் மேசையில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
சிறார் வழக்குகளில் சட்ட உதவி செய்வோர்