காரத்துக்குக் கறி எதற்கு அண்ணி?

அன்புள்ள அண்ணிக்கு,

போன வாரம் போனில் உங்கள் குரலே சரியில்லை. பெரியவள் கறி, முட்டையோடு பால், தயிர், நெய்கூட வேண்டாம் என்று நின்றுவிட்டாள், பொரியலும் ரசமுமாகத் தின்று பிள்ளைக்கு நாக்கே செத்துப்போச்சு என்றீர்கள். "காரசாரமா சாப்பிட்டு வளர்ந்த பொண்ணு, இனிமே என்னத்தைச் செஞ்சு போடறது?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். உங்களைப் போலக் கவலைப்படுகிற வேறு அம்மாக்களும் இருப்பார்கள் என்பதால் இதை எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மீல்மேக்கரைக் கறி மாதிரி சமைத்து அவள் தட்டில் வைக்காதீர்கள். அவள் கேட்பது கறியின் ஞாபகத்தை இல்லை, ருசியை. ஆம்பூர் பிரியாணி சாப்பிடும்போது நீங்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்குவது கத்தரிக்காயைத்தானே? அதில் கறி எங்கே இருக்கிறது? மிளகாய்க்குக் காரம் தரும் காப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெயில் பொறுமையாக வதக்கினால் பருப்பிலும் காரம் அப்படியே இறங்கும்.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது காட்பாடியில் எங்கள் மாடி போர்ஷனில் குடியிருந்த எத்தியோப்பியா பெண். இங்கே காலேஜில் படித்தாள். அவர்கள் ஊர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம், ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் தொடர் விரதம். கறி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. விரதச் சாப்பாடு என்றால் சப்பென்று இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவள் கொடுத்த மிஸிர் வொத்தை ஒரு வாய் வைத்ததும் நெற்றியில் வியர்த்துவிட்டது. நம்ம மைசூர் பருப்புதான் அது!

செய்துகாட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். நாலு பெரிய வெங்காயத்தைப் பொடிப்பொடியாக அரிந்து, ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாத சட்டியில் போட்டாள். நான் எண்ணெய்த் தூக்கை நீட்ட, கையாலேயே தடுத்தாள். சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருந்தாள். வெங்காயம் தண்ணீர் விட்டு, அது வற்றி, அடிபிடிக்கப் போகும்போதெல்லாம் ஒரு கை தண்ணீர் தெளித்தாள். அரைமணி நேரத்தில் பழுப்பு விழுதாகிவிட்டது. அப்புறம்தான் எண்ணெய், இஞ்சி, பூண்டு, பெர்பெரே பொடி. மிளகாய், வெந்தயம், ஓமம், அவர்கள் ஊர் ஏலக்காய் எல்லாம் சேர்ந்த பொடி அது. நான் நம்ம ஏலக்காயையே போட்டு அரைத்துக்கொள்கிறேன். பொடி எண்ணெயில் நிதானமாக வெந்து, எண்ணெய் சிவப்பாகப் பிரிந்ததும் பருப்பும் தண்ணீரும். அவ்வளவுதான். வெங்காயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள் அண்ணி, அதுதான் கறி செய்கிற வேலையைச் செய்கிறது.

அவர்கள் இதை இஞ்சிராவுக்குத் தொட்டுக்கொள்வார்கள். டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்து, திருப்பிப் போடாமல் ஒரே பக்கம் சுடுவது. நம் வீட்டில் கேழ்வரகு தோசை போதும், மாவு நன்றாகப் புளித்திருக்கட்டும்.

அடுத்தது கத்தரிக்காய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் இருக்க, வேறு காயைத் தேடுவானேன்? சீனாவில் சிச்சுவான் பக்கம் 'மீன் மணக் கத்தரிக்காய்' என்று ஒன்று செய்கிறார்கள். மீன் இருக்காது, மீனுக்குச் சேர்க்கும் சாமான்களைச் சேர்ப்பதால் அந்தப் பேர். சிலர் கொத்துக்கறி போடுவார்கள், நமக்கு அது வேண்டாம். கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் இஞ்சி, பூண்டு, மிளகாய் விழுது, அப்புறம் சோயா சாஸ், வினிகர், கொஞ்சம் சர்க்கரை. அவர்களுடைய விழுது பயறும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைத்தது. நான் காய்ந்த மிளகாயை வினிகரில் ஊறவைத்து அரைக்கிறேன். அதே ருசி வராது, ஆனால் சோறு தானாக இறங்கும்.

மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மறந்துவிடாதீர்கள். மணிலாக் கொட்டைதான் நம் வாயில் மல்லாட்டை ஆனது. அதுவும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. இங்கே வந்த மாதிரியே மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போயின. செனகல், மாலி பக்கம் வறுத்தரைத்த மல்லாட்டையும் தக்காளியும் மிளகாயும் சேர்த்து மாஃபே என்று ஒரு குழம்பு வைக்கிறார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கும் முட்டைகோஸும் போட்டு வையுங்கள், கெட்டியாக, மணமாக வரும். தயிர் இல்லாமல் காரத்தை எப்படி அடக்குவாள் என்று கேட்டீர்களே, தண்ணீர் குடித்தால் அடங்காது. மல்லாட்டையில், தேங்காய்ப்பாலில் இருக்கிற எண்ணெய்ப்பசை அடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் குடியாத்தம் வருகிறேன். பெர்பெரே பொடி அரைத்து எடுத்து வருகிறேன், நீங்கள் வெங்காயம் ஒரு கிலோ வாங்கி வையுங்கள். அரிவதற்குப் பெரியவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்,
காட்பாடி