இதர செலவு

அன்புள்ள சிநேகிதிக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் அப்பாடா என்றிருந்தது. அடுத்த வரியிலேயே அந்த நிம்மதி போயிற்று. சொட்டு மருந்துக் கெடு முடிந்து, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு நீ முதல் காரியமாக உட்கார்ந்து படித்தது என் தொடர்கதையைத்தானா? அதுவும் சேர்த்து வைத்திருந்த பதினாலு அத்தியாயத்தையும் ஒரே நாளில்? கண்ணுக்கு ஓய்வு கொடு என்று டாக்டர் சொல்லவில்லையா?

நாலு பக்கம் திட்டியிருக்கிறாய். கோபம் வந்தால் உன் எழுத்து வலப்பக்கமாகச் சாய்ந்து ஓடும். இந்தக் கடிதத்தின் மூன்றாம் பக்கம் கிட்டத்தட்டப் படுத்தே விட்டது. அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு கேள்வி: "எங்கம்மாவை எதுக்குடி கதையில இழுத்தே?"

முதலில் சுலபமான பதிலைத்தான் எழுதினேன். 'இக்கதையில் வரும் பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே' என்று கட்டம் கட்டிப் போடுவார்களே, அதையே பூசி மெழுகி ஒரு பக்கத்துக்கு நீட்டியிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். ஐம்பது வருஷமாக என்னைப் பார்த்துக்கொண்டிருப்பவளிடம் அது செல்லாது. இது இரண்டாவது கடிதம்.

ஆமாம், எடுத்தேன். ஆனால் நீ நினைப்பதை எடுக்கவில்லை.

அம்மா போய்ப் பதினைந்து இருபது நாள் இருக்கும். அலமாரியைக் காலி செய்ய உனக்கு ஒத்தாசையாக நான் வந்திருந்தேன். கீழ்த்தட்டில் கணக்கு நோட்டுகள், வருஷத்துக்கு ஒன்றாக முப்பத்தொன்று, கயிறு போட்டுக் கட்டியிருந்தன. நீ ஒன்றைப் பிரித்தாய். வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து, சலவை எல்லாம் நீல மையில் வரிசை பிசகாமல் இருந்தன. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்கு நேரே 'இதர செலவு' என்று ஒரு வரி. அது மட்டும் பென்சிலில். சில இடங்களில் எதிர்ப்பக்கத்தில் ஒட்டி மங்கிப்போயிருந்தது. நீ வேறொரு நோட்டைத் தேடி எடுத்து, நீ பிறந்த மாதத்தைப் புரட்டினாய். அங்கேயும் இருந்தது. "என்னமோ போ" என்று சொல்லி மறுபடியும் கயிற்றைக் கட்டினாய். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து என் திருட்டு நோட்டில் மூன்று வார்த்தை எழுதினேன்: "ஐந்தாம் தேதி. பென்சில்."

நான் எடுத்தது அவ்வளவுதான். கதையில் வருகிற அம்மாவை மறுபடி நினைத்துப் பார். உயரமானவள், தெருமுனை வரை கேட்கிற குரல், கோபம் வந்தால் பாத்திரத்தை ஓசையோடு வைப்பவள். உங்கம்மா பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்காது. அந்தக் குரல் என் சித்தியுடையது. நடை, நம் பள்ளியில் எல்லோரையும் நடுங்க வைத்த ஒரு டீச்சருடையது (யாரென்று உனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்). முன்கோபம் யாருடையது என்று நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டுமா?

திருட்டு நோட்டைப் பற்றி உன்னிடம்கூடச் சொன்னதில்லை. அதில் கதை ஒன்றுகூடக் கிடையாது. துண்டு துணுக்குகள்தான். "லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்து மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்தவர், கதவு திறந்ததும் இருமினார்." "ராங் நம்பர் என்று தெரிந்த பிறகும் இரண்டு நிமிஷம் பேசிய கிழவர்." என் முதல் தொடர் அந்தக் கிழவரிடமிருந்து வந்தது. அவர் முகத்தையே நான் பார்த்ததில்லை. ஆனால் தொடர் வந்துகொண்டிருந்தபோது, தாத்தாவை அப்படியே எழுதிவிட்டேன் என்று என் சித்தப்பா ஒரு வருஷம் பேசாமல் இருந்தார். தாத்தா வீட்டில் போனே கிடையாது!

பெரிய விஷயத்தைத் தேடிப்போய் எழுதியதும் உண்டு. சமூகத்தைப் புரட்டிப் போடுகிற கரு என்று நானே மெச்சிக்கொண்டு, ஆறு மாதம் குறிப்பெடுத்து ஆரம்பித்தேன். ஏழாம் அத்தியாயத்தில் பாத்திரங்கள் எல்லாரும் உட்கார்ந்து பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பன்னிரண்டில் ஒரு விபத்தை வைத்து முடித்தேன். அந்த விபத்தில் சிக்கியவர்களுக்காக யாரும் வருத்தப்படவில்லை, நான் உள்பட.

கல்கிக்கே ஆதாரம் சின்னதுதான். உடையார்குடிக் கல்வெட்டில், ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறித்த சேதி சில வரிகளில் வருகிறது. ரவிதாசன் என்ற பெயர் அதில் இருக்கிறது. ஏன் கொன்றார்கள், அன்றைக்கு என்ன நடந்தது என்று கல் வாய் திறக்கவில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் அந்தக் கொலையைத்தான் சுற்றிச்சுற்றி வருகிறது. அவரும் கடைசிவரை இன்னார் கைதான் என்று அடித்துச் சொல்லவில்லை, கவனித்திருக்கிறாயா? சின்ன வயதில் அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது படித்தால் அந்த இடத்தில்தான் கை தட்டத் தோன்றுகிறது.

இன்னொன்று. எழுதுகிறவனுக்கு யாரிடமிருந்து எடுத்தோம் என்று தெரியும் என்பதையே நான் முழுதாக நம்புவதில்லை. ஷெர்லாக் ஹோம்ஸுக்கு மூலம் தன் ஆசிரியர் ஜோசப் பெல்தான் என்று கானன் டாயில் 1892இல் அவருக்கே எழுதினார். எடின்பரோவில் மருத்துவம் படித்த காலத்தில், நோயாளி வாய் திறப்பதற்குள் அவன் என்ன தொழில் செய்கிறான் என்று பெல் சொல்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். பெல் என்ன சொன்னார் தெரியுமா? ஹோம்ஸ் நீயேதான், அது உனக்கே தெரியும் என்கிற மாதிரி பதில் எழுதினார்.

சரி, உன் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். அந்தப் பையன்.

"அம்மாவுக்கு யாருக்கும் தெரியாம ஒரு குழந்தை இருந்ததா எழுதியிருக்கியே, எங்க சொந்தக்காரங்க படிச்சா என்ன நினைப்பாங்க" என்று கேட்டிருக்கிறாய். இதற்கான பதிலைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் பத்திரிகை ஆசிரியர் காதுக்கு மட்டும் போகக்கூடாது.

ஆறாம் அத்தியாயம் எழுதி முடிக்கவில்லை. ஓவியருக்கு அவசரம். அதனால் இரண்டு வரி மட்டும் அனுப்பினேன்: "அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறாள். சாயங்காலம்." அவர் அழகாக வரைந்து அனுப்பினார். ஜன்னலுக்கு வெளியே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நிற்கிறான், எட்டு வயசு இருக்கும். நான் எழுதவே இல்லை! கேட்டால், "வெளியே யாராவது இருந்தால்தான் மேடம் ஜன்னல் ஜன்னலாத் தெரியும்" என்றார். இதழ் வந்த வாரமே கடிதங்கள் குவிந்தன, யார் அந்தப் பையன் என்று. ஆசிரியர் போன் பண்ணி, "சஸ்பென்ஸ் பிரமாதம், பின்னாடி வருதா?" என்றார். "வருது சார்" என்றேன். எனக்கே தெரியாது. ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வியாழன் கெடு. புதன் ராத்திரி பதினோரு மணிக்கு வேறு வழியே இல்லாமல் அந்தப் பையனையும் பென்சில் வரியையும் முடிச்சுப் போட்டேன்.

நீ ராத்திரி தூக்கமில்லாமல் யோசித்த அந்த ரகசியக் குழந்தை பிறந்த கதை இதுதான். டிக்கன்ஸின் முதல் தொடரான 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836இல் தொடங்கியபோது, ராபர்ட் சீமோர் என்ற ஓவியரின் படங்களுக்கு எழுத்துக் கொடுக்கிற வேலையாகத்தான் அவருக்கு வந்தது. எனக்கு அந்த அளவுக்குப் பேர் வரப்போவதில்லை. ஓவியரால் மாட்டிக்கொள்வதில் மட்டும் பொருத்தம்.

ஆனால் இதெல்லாம் சமாதானம்தான். எனக்குத் தெரிகிறது. பென்சில் வரி உன் வீட்டினுடையது. அதை அறிந்தவர்கள் உன் குடும்பத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஓவியரையும் புதன்கிழமையையும் எங்கே கண்டார்கள்? வரியைப் பார்ப்பார்கள், பையனைப் பார்ப்பார்கள், கூட்டிப் பார்ப்பார்கள்.

டிக்கன்ஸுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' மாதாமாதம் வந்துகொண்டிருந்தபோது, 1849 டிசம்பரில் மிஸ் மௌச்சர் என்ற குள்ளமான பெண் கதைக்குள் வந்தாள். வளவளவென்று பேசுகிறவள், நம்பக்கூடாதவள் போலத் தோற்றம். டிக்கன்ஸ் வீட்டுக்கு அருகில் அதே மாதிரி உருவமும் தொழிலும் உள்ள ஒரு பெண்மணி இருந்தார். படித்துவிட்டு, மனம் நொந்து அவருக்கே கடிதம் எழுதினார். டிக்கன்ஸ் மழுப்பவில்லை. கொஞ்சம் உங்களிடமிருந்து எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டு, அவளைக் கெட்டவளாக்கும் எண்ணத்தையே கைவிட்டார். 22ஆம் அத்தியாயத்தில் அப்படி வந்தவள் 32ஆம் அத்தியாயத்தில் மனசாட்சியுள்ளவளாகத் திரும்பி வருகிறாள். உருவத்தை வைத்து என்னை எடை போடாதே என்று டேவிட்டுக்கே புத்தி சொல்கிறாள்.

புத்தகமாக முதலிலேயே வந்திருந்தால் அந்தப் பெண்மணி வருத்தப்பட்டதோடு சரி. தொடர் என்பதால் அவருக்கு ஒரு வாசல் இருந்தது. அச்சில் போன அத்தியாயம் போனதுதான், அடுத்தது இன்னும் என் மேஜையில் இருக்கிறது.

இப்போது உன் நாலாம் பக்கம். திட்டெல்லாம் முடிந்து, கையெழுத்துக்கு மேலே, போகிற போக்கில் எழுதியிருக்கிறாய்: "எனக்கென்னவோ அம்மா அந்தப் பணத்தை தனக்குன்னு எடுத்து வெச்சிருப்பான்னுதான் தோணும். மத்த எல்லாத்துக்கும் கணக்கு சொன்னவ, ஒரு வரிக்காவது சொல்லாம இருந்திருக்கா."

அதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. ஏன் பென்சில் என்று இருபது வருஷமாக எனக்கு விளங்கியதில்லை. கதையிலும் அதற்குக் காரணம் சொல்லாமல் நழுவிக்கொண்டே வந்தேன். யாராவது கேட்டால் அழித்துவிடலாம் என்றுதானேடி பென்சில்? முப்பத்தொரு வருஷத்தில் யாரும் கேட்கவே இல்லை. அவளும் அழிக்கவில்லை.

என் எட்டு அத்தியாயச் சஸ்பென்ஸை உன் இரண்டு வரி தின்றுவிட்டது. அதனால்தான் இப்போது கூச்சமில்லாமல் கேட்கிறேன். திருடியதற்கு மன்னிப்புக் கேட்கிற கடிதத்திலேயே அடுத்த திருட்டுக்கு அனுமதி. அந்த வரியை எனக்குக் கொடுப்பாயா?

பையனைப் பற்றிக் கவலைப்படாதே. பதிமூன்றாம் அத்தியாயத்தில் "அவன் கண்ணு அப்படியே இவ கண்ணு" என்று சொன்னது பக்கத்து வீட்டுக்காரி. நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தப்பாகச் சொல்லக்கூடியவள்தான். அவன் சுவர் தாண்டி விழுந்த பந்தை எடுக்க வந்தவனாக இருந்துவிட்டுப் போகட்டும். வாசகர்கள் என்னைக் கிழிப்பார்கள். கிழிக்கட்டும், ஓவியருக்கும் அதில் பாதி உண்டு.

பதினைந்தாம் அத்தியாயம் அச்சுக்குப் போய்விட்டது. அதில் பையன் வரவில்லை, நல்லவேளை. பதினாறு வியாழக்கிழமை கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று நீ சொன்னால் பென்சில் வரியையே இனி தொடமாட்டேன், வேறு எப்படியாவது முடித்துக்கொள்கிறேன். அந்தச் சங்கடம் என்னோடு.

சொட்டு மருந்தை நிறுத்தினாலும் வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதே. பதிலைப் போனில் சொல்லாதே. ஒரு காகிதத்தில் எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. எழுத்து இன்னும் சாய்ந்திருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

உன் பழைய பெஞ்சுக்காரி