மைக் ஃபிளனகனை ஒருமுறை சிவகாசிக்கு அழைத்து வாருங்கள்: தமிழ் காமிக்ஸ் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள காமிக்ஸ் ஆசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அடுத்த ஆண்டு அட்டவணையில் எனக்கு ஒரே ஒரு இடம் வேண்டும். ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண், திருநங்கை, திருநம்பி, இவர்களில் யாராவது ஒருவர் கதையின் நடுவில் நிற்கும் ஒரு புத்தகத்துக்கு. தலைப்பில் இருக்கும் மைக் ஃபிளனகன் அப்படி ஒரு ஜப்பானியப் படக்கதையின் பாத்திரம், அவனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். கௌபாய்களின் இடத்தைக் கேட்கவில்லை. டெக்ஸ் வில்லர் இல்லாத அட்டவணையை என்னாலும் நினைத்துப் பார்க்க முடியாது, லக்கி லூக் வரவில்லையென்றால் முதல் புகார்க் கடிதம் என்னுடையதாகத்தான் இருக்கும். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் இரும்புக்கை மாயாவியில் ஆரம்பித்து ரத்தப் படலம் வரைக்கும் நான் சேர்த்துவைத்திருக்கும் தமிழ் காமிக்ஸ்களில் அப்படி ஒரு நாயகரைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. கொள்ளைக்காரன், கூலிக்கொலைகாரன், ஞாபகம் தொலைத்த உளவாளி, வேற்றுக்கிரகவாசி என்று எல்லாருக்கும் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்த நீங்கள் இவர்களை மட்டும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

"நமக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை சார், வாசகர்கள்தான் ஏற்க மாட்டார்கள்" என்று சொல்வீர்கள், தெரியும். இந்தப் பதில் உங்களுக்கு முன்பே அமெரிக்கப் பதிப்பாளர்கள் சொன்னதுதான், அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே அந்தக் கதவை அடைத்தது அரசாங்கம் இல்லை. 1954இல் ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். பேட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் வாழ்வது இரண்டு தன்பாலீர்ப்பாளர்களின் கனவு வாழ்க்கை என்பது அதில் அவர் கண்டுபிடித்தவற்றில் ஒன்று. செனட் குழு விசாரணை நடத்தியது. ஆனால் சட்டம் எதுவும் வரவில்லை. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே ஒரு சங்கம் அமைத்து, தங்களுக்குத் தாங்களே ஒரு விதித்தொகுப்பு எழுதிக்கொண்டார்கள். 'பாலியல் பிறழ்வு' பற்றிய மறைமுகக் குறிப்புகூட அறவே கூடாது என்பது அதில் ஒரு விதி, அந்த ஒரு சொல்லுக்குள் இவர்கள் எல்லாரையும் போட்டு மூடினார்கள். அட்டையில் அந்தச் சங்கத்தின் முத்திரை இல்லாவிட்டால் விநியோகஸ்தர்கள் இதழைத் தொட மாட்டார்கள். 1989 வரை இந்த விதி தளரவே இல்லை, முத்திரை முழுசாக ஒழிந்தது 2011இல்.

இதில் வேடிக்கையும் உண்டு. 1956இல் பேட்வுமன் என்ற பெண் பாத்திரம் வந்து பேட்மேனின் பின்னாலேயே சுற்றினாள், வெர்தாம் கிளப்பிய பேச்சை அடக்கத்தான் அவளைக் கொண்டுவந்தார்கள் என்று காமிக்ஸ் வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வதுண்டு. அரை நூற்றாண்டு கழித்து, 2006இல், அதே பெயரில் புதிதாக வந்த கேட் கேன் ஒரு லெஸ்பியன். வெர்தாம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. அதற்காக இவர்களை வெளியிடும் டிசி நிறுவனம் திருந்திவிட்டது என்று நினைக்க வேண்டாம், 2013இல் கேட் தன் காதலியைத் திருமணம் செய்துகொள்வதைக் காட்டக் கூடாது என்று தலைமை மறுத்ததும், கதையை எழுதிவந்த ஜே.எச். வில்லியம்ஸும் ஹேடன் பிளாக்மனும் தொடரைவிட்டே வெளியேறினார்கள். நாயகர்களுக்கு மகிழ்ச்சியான சொந்த வாழ்க்கை இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. சரி, நம்பிவிட்டோம்.

டிசியின் போட்டி நிறுவனமான மார்வெல்லின் கதை இன்னும் மோசம். நார்த்ஸ்டார் என்ற கனடா நாட்டு நாயகன் 1979இல் அறிமுகமானான். அவன் ஆண்களை நேசிப்பவன் என்று அவனை உருவாக்கிய ஜான் பைர்ன் தொடக்கத்திலேயே தீர்மானித்திருந்தார், ஆனால் வெளிப்படையாகச் சொல்ல வழியில்லை, ஜாடைமாடையாகத்தான் காட்ட முடிந்தது. எண்பதுகளில் அவனுக்கு மர்மமான நோய் ஒன்று வந்தது. எய்ட்ஸ் என்று வாசகர்கள் ஊகித்துக்கொண்டிருக்க, கடைசியில் அவன் உடம்பில் ஓடுவது தேவலோக இனத்தின் ரத்தம், மனித உலகத்தில் இருப்பதால்தான் நோய் என்று ஒரு சமாதானத்தைச் சொல்லிக் கதையை முடித்தார்கள். ஒரு மனிதன் இன்னொரு மனிதனை நேசிக்கிறான் என்று சொல்வதைவிட இது எளிதாக இருந்திருக்கிறது பாருங்கள். அவன் வாயால் உண்மையைச் சொன்னது 1992இல், கல்யாணம் 2012இல். அறிமுகத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே 33 ஆண்டுகள்.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் நிலைமை அவ்வளவு மோசமில்லை. உங்கள் அட்டையில் யாரும் முத்திரை குத்துவதில்லை. 377ஆம் பிரிவு தன்பாலீர்ப்பைக் குற்றமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே சொல்லிவிட்டது. திருநங்கை ஒருவரின் கதையான சமுத்திரத்தின் 'வாடாமல்லி' நாவல் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வீடு வீடாகப் படித்தார்கள், திருநங்கை ஒருவரின் தன்வரலாறான 'நான் வித்யா' வந்து ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. உரைநடையில் தமிழ் வாசகர் எப்போதோ தாண்டிவிட்ட வாய்க்காலைப் படக்கதையில் மட்டும் தாண்ட மாட்டார் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

விற்பனை என்பீர்கள். அதையும் பேசுவோம், அச்சுக்கூலியும் ராயல்டியும் கட்டுகிறவர் நீங்கள், நான் இல்லை. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கதை சொல்லும் ஆர்ச்சி காமிக்ஸைவிடக் கட்டுப்பெட்டியான ஒன்றைக் காட்ட முடியுமா? 2010இல் அந்த நிறுவனத்தின் 'வெரோனிகா' இதழ் 202இல் கெவின் கெல்லர் என்ற பையன் வந்து, தான் 'கே', அதாவது ஆண்களை நேசிப்பவன் என்று மிகச் சாதாரணமாகச் சொன்னான். இதழ் விற்றுத் தீர்ந்து மறு அச்சு போட்டார்கள், அந்த நிறுவனத்தில் அதுவரை நடக்காத விஷயம். 2012இல் கெவினுக்குக் கல்யாணம் செய்து வைத்தபோது அம்மாக்களின் பெயரில் இயங்கிய ஓர் அமைப்பு பொம்மைக் கடைகளில் அதை வைக்கக் கூடாது என்று பிரச்சாரம் செய்தது, அந்த இதழும் தீர்ந்துபோனது.

ரியோ டி ஜெனிரோவில் நடந்தது இதைவிடப் பெரிய கூத்து. 2019 செப்டம்பரில் அங்கே புத்தகத் திருவிழா. ஓர் அவெஞ்சர்ஸ் புத்தகத்தில் விக்கனும் ஹல்க்லிங்கும், இரண்டு பேரும் ஆண்கள், முத்தமிட்டுக்கொள்ளும் படம் இருக்கிறது. அதை அப்புறப்படுத்தச் சொல்லி மேயர் கிரிவெல்லா உத்தரவு போட்டு ஆட்களையும் அனுப்பினார். புத்தகமோ அதற்குள் விற்றுத் தீர்ந்திருந்தது. நாட்டின் பெரிய நாளிதழ்களில் ஒன்றான ஃபோல்யா அந்த முத்தப் படத்தையே முதல் பக்கத்தில் போட்டது. ஃபெலிப்பே நெட்டோ என்ற யூடியூபர் இந்த வகைப் புத்தகங்களில் 14,000 பிரதிகள் வாங்கி, கறுப்பு உறையில் போட்டு, பிற்போக்காளர்களுக்கு இது ஏற்றதல்ல என்று எச்சரிக்கையும் ஒட்டி இலவசமாகக் கொடுத்தார். கடைசியில் பிரேசில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு மேயரின் கையைக் கட்டியது. நான் உங்களை வம்பை விலைக்கு வாங்கச் சொல்லவில்லை, ஆனால் வாசகர் ஓடிவிடுவார் என்ற பயத்துக்கு ஆதாரம் எங்கே என்றுதான் கேட்கிறேன்.

உண்மையைச் சொன்னால் எனக்குத் தடையைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. என் பயம் மொழிபெயர்ப்பு மேஜையைப் பற்றியது. உரிமை வாங்கி, அழகாக அச்சடித்து, உள்ளே வசன பலூன்களில் மட்டும் கைவைத்துவிடுவீர்களோ என்ற பயம். சைலர் மூன் என்ற ஜப்பானியக் கதையில் ஹருகாவும் மிச்சிருவும் காதலர்கள். ஜப்பானியக் குழந்தைகளுக்குத் தெரிந்த விஷயம் அது. அனிமேஷனை ஆங்கிலத்தில் டப் செய்தவர்கள் இரண்டு பேரையும் ஒன்றுவிட்ட சகோதரிகளாக்கிவிட்டார்கள், படத்தில் பார்வையும் நெருக்கமும் அப்படியே இருக்க, வசனத்தில் மட்டும் உறவுமுறை மாறியதால் மறைக்க நினைத்ததைவிட விபரீதமான ஒன்று திரையில் ஓடியது. அதற்கு முன்பே ஸோய்சைட் என்ற ஆண் பாத்திரத்துக்குப் பெண் குரல் கொடுத்துப் பெண்ணாக்கியும் விட்டிருந்தார்கள். நமக்குப் பெயர் மாற்றுவது புதிதல்ல, புளூபெர்ரி என்ற நாயகனைக் கேப்டன் டைகர் ஆக்கினோம், யாரும் அழவில்லை, எனக்கு டைகர் என்ற பெயர்தான் பிடித்திருக்கிறது. பெயரை மாற்றுங்கள். காதலனை 'உயிர் நண்பன்' ஆக்காதீர்கள். அதைச் செய்வதற்குப் பதிலாகப் புத்தகத்தைப் போடாமலே இருந்துவிடலாம்.

எதைப் போடுவது? ஆங்கிலத்தில் பேசப்படுகிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். மாயா கோபாபேயின் 'ஜெண்டர் குவியர்' அமெரிக்க நூலகங்களில் 2021 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அதிக எதிர்ப்பைச் சந்தித்த புத்தகம், நேர்மையான தன்வரலாறு, ஆனால் தமிழில் முதல் புத்தகமாக அது சரிப்படாது. ஆலிசன் பெக்டெல் தன் வாழ்க்கையை வரைந்த 'ஃபன் ஹோம்' மகத்தானது, பக்கத்துக்குப் பக்கம் ஆங்கில இலக்கியம் வந்து நிற்கும், மொழிபெயர்ப்பாளர் பாவம். ஆலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்' பள்ளிப் பையன்கள் இருவரின் காதல், அதில் ஆட்சேபிக்க எதுவுமே இல்லை, அப்படியும் 2023இல் ஹங்கேரி அரசு அதை மூடிய உறையில் வைக்காமல் இளையோர் பகுதியில் விற்றதற்காக ஒரு புத்தகக் கடைக்கு 1 கோடியே 20 லட்சம் ஃபோரின்ட் அபராதம் போட்டது. பதின்வயது வாசகர்கள் உங்களுக்கு வேண்டும் என்றால் அது நல்ல தேர்வு. அம்ருதா பாட்டீலின் 'காரி' 2008இலேயே இந்தியாவில் ஆங்கிலத்தில் வந்தது. மும்பை வாசமடிக்கும் ஒரு நகரத்தில் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கும், பெண்ணை நேசிக்கும் பெண்ணின் கதை. வெளிநாட்டுச் சரக்கு என்று யாரும் வாய் திறக்க முடியாது.

என் ஓட்டு கெங்கோரோ தாகாமேவின் 'மை பிரதர்ஸ் ஹஸ்பண்ட்' தொடருக்கு. 2014 முதல் 2017 வரை ஜப்பானிய மாத இதழ் ஒன்றில் வந்தது, 2018இல் காமிக்ஸுக்கான பெரிய அமெரிக்க விருதான ஐஸ்னரும் வாங்கியது. தாகாமே அதுவரை வயது வந்த ஆண்களுக்கான பாலியல் படக்கதை வரைந்து பெயர் வாங்கியவர், இதை எல்லாரும் படிக்கும்படி வரைந்தார். யாயிச்சி விவாகரத்தானவர், மகள் கனாவைத் தனியாக வளர்க்கிறார். இறந்துபோன இரட்டைத் தம்பியின் கணவன், மைக் ஃபிளனகன் என்ற மலைபோன்ற கனடாக்காரன், ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறான். கனாவுக்கு உடனே பிடித்துவிடுகிறது. அப்பாவுக்குத்தான் உள்ளுக்குள் ஒட்டவில்லை. அவர் மனதில் கத்துவதை ஒரு படக்கட்டத்தில் நிஜம்போலவே வரைந்துவிட்டு, அடுத்ததில் உண்மையில் அவர் அப்படிச் செய்யவில்லை என்று காட்டுகிற இடங்கள் இருக்கின்றன, அதைவிடச் சரியாக ஒரு நாகரிகமான மனிதரின் வெறுப்பை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. உங்களில் யார் கணவன், யார் மனைவி என்று குழந்தை பட்டென்று கேட்கும். இரண்டு பேருமே கணவர்கள்தான் என்பான் மைக். பக்கத்து வீட்டுப் பேச்சுக்குப் பயப்படுவது, தோழியின் அம்மா பிள்ளையை அனுப்ப மறுப்பது, பள்ளியில் ஆசிரியர் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசுவது, எல்லாம் நம் தெருவில் நடக்கிற மாதிரியே இருக்கும். சண்டை இல்லை, படுக்கையறை இல்லை. கறுப்பு வெள்ளை, அதனால் செலவும் குறைவு. ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாகவே போடுங்கள், திருப்பிப் போட்டுப் படத்தைக் கெடுக்க வேண்டாம், ஒரு பக்க விளக்கம் கொடுத்தால் நாங்கள் பழகிக்கொள்வோம்.

அப்புறம் இன்னொன்று, மொழிபெயர்ப்போடு நிறுத்திவிடாதீர்கள். 1980இல் 'கே காமிக்ஸ்' என்ற இதழ் அமெரிக்காவில் தொடங்கியது எப்படித் தெரியுமா? தன்பாலீர்ப்பாளர் அல்லாத டெனிஸ் கிட்சன் என்ற பதிப்பாளர், ஹோவர்ட் க்ரூஸ் என்ற ஓவியருக்குத் தானே கடிதம் எழுதி, நீங்கள் ஆசிரியராக இருந்து இப்படி ஓர் இதழ் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். அந்த இதழைப் பார்த்துத்தான் தன் வாழ்க்கையையும் இப்படி வரையலாம் என்று தோன்றியதாக ஆலிசன் பெக்டெல் பின்னாளில் சொன்னார். ஒரு கடிதம்தான். உங்கள் இதழ்களில் கதை முடிந்த பிறகு மீந்துநிற்கும் நாலு பக்கத்தைத் தமிழில் வரைகிற திருநங்கைகளுக்கும் தன்பாலீர்ப்பாளர்களுக்கும் என்று அறிவியுங்கள். சன்மானம் கொடுங்கள், சும்மா கேட்காதீர்கள். அவர்கள் பேய்க்கதை வரைந்து அனுப்பினாலும் வாங்கிப் போடுங்கள், எப்போதும் அழுதுகொண்டேதான் இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன.

அட்டையில் வயதுக் குறிப்பு போடுவதில் எனக்குச் சம்மதமே, மற்ற கிராபிக் நாவல்களுக்கு என்ன அளவுகோலோ அதேதான் இதற்கும் என்றால். விழிப்புணர்வுச் சிறப்பிதழ் என்று மட்டும் தயவுசெய்து விளம்பரம் வேண்டாம், அந்தப் பெயரைக் கேட்டால் நானே வாங்க மாட்டேன். குடும்பக் கதை என்று போடுங்கள். தாகாமே வரைந்திருப்பது அதுதான்.

சந்தாவில் சேர்க்கத் தயக்கமாக இருந்தால் தனியாக முன்பதிவு அறிவியுங்கள், இத்தனை பேர் பணம் கட்டினால்தான் அச்சு என்று எண்ணிக்கையும் சொல்லிவிடுங்கள். என் பெயரில் மூன்று பிரதி எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பல ஆண்டுச் சந்தாதாரர் ஒருவர்