அப்பாவுக்கு, கனடா வின்ட்சர்ல இருந்து

2016 ஜூன் 19

அப்பா,

எப்படி இருக்கீங்க, அம்மாவுக்கு கால் வீக்கம் வடிஞ்சுதா? போன் பண்ணா ரெண்டு நிமிசத்துல "சரிப்பா வச்சிடு, காசு ஆகும்"னு சொல்லிடுறீங்க, வாட்ஸ்அப்ல பேசுனா காசு இல்லப்பா. அதான் உக்காந்து டைப் பண்றேன், தங்கச்சிய பிரிண்ட் எடுத்துக் குடுக்கச் சொல்லியிருக்கேன், கண்ணாடி போட்டுட்டு நிதானமா படிங்க.

இன்னைக்கு இங்க அப்பாக்களுக்கான தினம், பார்க்ல எங்க பாத்தாலும் அப்பனும் புள்ளையுமா இருக்காங்க. எனக்கு உங்க ஞாபகம்தான், அதுவும் இந்த வாரம் ரொம்பவே.

வேலை ஓடிட்டு இருக்கு, மார்னிங் ஷிப்ட்தான், கார் பார்ட்ஸுக்கு மோல்ட் அடிக்கிற அதே பட்டறை. ரூம்ல இருந்து நடந்தா ஆறு வந்துரும், ஆத்துக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட், அமெரிக்கா. நம்ம ஊர்ல அக்கரைக்குப் போற மாதிரி பாத்துட்டே இருக்கலாம், ஆனா போக பாஸ்போர்ட் விசா எல்லாம் வேணும். செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிஞ்சு நான் அங்க போனேன்ப்பா, ஒரு சாவுக்கு. யாருன்னு கேப்பீங்க. கோர்டி ஹவ்னு ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர், 10ஆம் தேதி தன் கடைசிப் பையன் வீட்டுல இறந்தாரு, 88 வயசு.

இங்க ஹாக்கின்னா நமக்கு கபடி மாதிரி, ஏன் அதுக்கும் மேல, காபிக் கடையே ஒரு ஹாக்கி ஆட்டக்காரர் பேர்லதான் இருக்கு (டிம் ஹார்டன்ஸ்னு சொல்வேனே அதுதான்). ஆத்துக்கு மேல கட்டப்போற புதுப் பாலத்துக்கு போன வருசமே ஹவ் பேரு வச்சிட்டாங்க. எங்க பட்டறையில ஒரு பெரியவர் இருக்காரு, செவ்வாய்க்கிழமை காலைல மெஷின ஆஃப் பண்ணிட்டு "சாயங்காலம் நான் போறேன், வர்றியா"ன்னு கேட்டாரு, முகத்தப் பாத்ததும் வர்றேன்னுட்டேன். பஸ் ஆத்துக்கு அடியில டனல் வழியா போகுது. காலைல 9ல இருந்து ராத்திரி 9 வரைக்கும் உடம்ப அவர் டீம் ஆடுற ஸ்டேடியத்துலயே வச்சிருந்தாங்க. வந்தவங்க பாதிப் பேர் முதுகுல 9ஆம் நம்பர், அதுதான் அவர் நம்பரு. கைக்குழந்தையத் தூக்கிட்டு வந்தவங்க இருந்தாங்க, அவர் ஆடி நானே பாத்திருக்கேன்னு சொல்ற வயசானவங்களும் இருந்தாங்க. வரிசையில நின்னப்ப அந்தப் பெரியவர் சொல்லிட்டே வந்தாரு, ரூமுக்கு வந்து நானும் ராத்திரி பூரா தேடிப் படிச்சேன்.

1928ல கனடாவுல சஸ்காட்சுவான்ங்கிற மாகாணத்துல ஒரு சின்ன ஊர்ல பொறந்தவரு, வீட்டுல ஒம்போது புள்ளைங்க, பஞ்ச காலம். கஷ்டப்பட்ட ஒரு பொம்பள வீட்டு வாசலுக்கு வந்து ஒரு சாக்கு மூட்டைய வித்திருக்கு, இவங்கம்மா பாவம்னு கையில இருந்த காசக் குடுத்து வாங்கியிருக்காங்க. மூட்டையப் பிரிச்சா பழைய துணிமணிக்கு நடுவுல ஒரு ஜோடி ஸ்கேட்டு, ஐஸ்ல சறுக்குற ஷூ. இவரு ஒண்ண எடுத்துக்கிட்டாரு, அக்கா தங்கச்சியில ஒருத்தி இன்னொண்ண எடுத்துக்கிச்சு. ஒத்தக் கால்ல ஸ்கேட்டு, அதுவும் பெரிய சைஸு, உள்ள சாக்ஸ் சாக்ஸா திணிச்சு கட்டிக்கிட்டு ஐஸ்ல சறுக்கிப் பழகியிருக்காரு. இதப் படிக்கிறப்ப எனக்கு நீங்க அண்ணன் டவுசர கயித்தால இறுக்கிக்கிட்டு கபடி ஆடப் போன கதைதான் ஞாபகம் வந்துச்சு.

1950ல ஒரு மேட்ச்ல களத்தச் சுத்தி இருக்கிற பலகையில மோதி மண்டை உடைஞ்சு, மூளையில அழுத்தம் கொறைய எலும்புல ஓட்டை போட்டு ஆபரேஷன் பண்ணாங்களாம், பொழைக்கிறதே சந்தேகம்னு இருந்தவரு அடுத்த சீசன் லீக்லயே அதிக பாயிண்ட் எடுத்தாரு. ஐஸ்ல முரடு, முழங்கையப் பாத்தாலே எதிர் டீம் ஒதுங்கும், வீட்டுல மெதுவா பேசுற மனுசன்.

ஆனா எனக்கு புடிச்சது வேறப்பா. டெட்ராய்டுக்கு 25 சீசன் ஆடிட்டு மணிக்கட்டு வலியால 1971ல நிறுத்திட்டாரு, ஆபீஸ்ல ஒரு நாற்காலி குடுத்தாங்க, செய்ய வேலை ஒண்ணும் இல்ல. 1973ல ஹூஸ்டன்ல வேற லீக் டீம் ஒண்ணு அவரோட பசங்க ரெண்டு பேரையும் எடுக்குது, ஒருத்தனுக்கு 19 ஒருத்தனுக்கு 18. இவரு மணிக்கட்ட ஆபரேஷன் பண்ணிக்கிட்டு 45 வயசுல பசங்க கூடவே களத்துல எறங்கிட்டாரு! பேருக்கு இல்ல, அந்த வருசம் 100 பாயிண்ட், லீக்லயே சிறந்த ஆட்டக்காரர், டீமும் கப் ஜெயிச்சுது. அப்புறம் பேரப்புள்ள பொறந்த பெறகும் ஆடி, 1980ல 52 வயசுலதான் விட்டாரு, கடைசி சீசன்ல 80 மேட்சும் ஆடியிருக்காரு.

அவர் சம்சாரம் காலின், பணம் காசு காண்ட்ராக்ட் எல்லாம் அவங்கதான் பாத்தாங்க. கடைசியில அவங்களுக்கு மூளைய அரிக்கிற ஒரு நோய், ஞாபகம் எல்லாம் போயிருச்சு, 2009ல இறக்குற வரைக்கும் இவரு கூடவே இருந்து பாத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் இவரு தன் பசங்க வீட்டுல மாறி மாறி இருந்தாரு. செவ்வாய்க்கிழமை அவர் குடும்பத்துக்காரங்க நின்னு, வந்தவங்களுக்கு கை குடுத்துட்டு இருந்தாங்கப்பா, எனக்கும் குடுத்தாங்க. எங்கேயோ இருந்து வந்தவன், அவர் ஆட்டத்த ஒரு நாள் கூட பாக்காதவன், எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

நீங்க பாடிப் போறதுக்கு முன்னாடி குனிஞ்சு ரெண்டு கையிலயும் மண்ண அள்ளித் தேச்சுக்குவீங்கல்ல, நான் அம்மா மடியில உக்காந்து பாத்த ஒரே மேட்ச் அது, எனக்கு நாலு வயசு இருக்கும். மாவட்ட டீமுக்கு கூப்பிட்டப்ப தாத்தா படுத்துட்டாரு, நெலத்தப் பாக்க ஆள் இல்ல, நீங்க ஜெர்சிய மடிச்சு பீரோவுல வச்சுட்டு வெவசாயத்துல எறங்கிட்டீங்க. ஒரு நாள் கூட எங்ககிட்ட அதச் சொல்லிக் காட்டுனதில்ல. எனக்கு அது இப்பதான்ப்பா முழுசா ஒறைக்குது.

ஜனவரியில வர்றேன், லீவு கேட்டுட்டேன், டிக்கெட்டும் போட்டாச்சு. மாட்டுப் பொங்கலுக்கு கல்யாணம் ஆனவங்க ஒரு டீம், ஆகாதவங்க ஒரு டீம்னு ஆடுவாங்கல்ல, இந்தத் தடவ அப்பனும் புள்ளையும் ஒரே டீம்னு நான் தம்பிகிட்ட சொல்லிட்டேன். முழங்கால் வலின்னு சொல்வீங்க, தெரியும். நீங்க பாடிப் போக வேணாம், கார்னர்ல நில்லுங்க, செயின் போட என் கையப் புடிச்சுக்குங்க, அது போதும். இங்க நல்ல முழங்கால் உறை கெடைக்குது, தங்கச்சிய விட்டு டேப் வச்சு அளவு எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ரெண்டு காலுக்கும்.

உங்க
மூத்தவன்