குத்துச்சண்டைக்கு எந்த வயிற்றுப் பயிற்சி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் என் மகன் குத்துச்சண்டை பயிலும் கூடத்தில் மாலைதோறும் 200 சிட்-அப் (மல்லாந்து படுத்து எழும் பயிற்சி) எடுக்கச் சொல்கிறார்கள். கைகளைப் பிடரியில் கோத்து, கழுத்தை இழுத்து இழுத்து எழும் பிள்ளைகளைப் பார்க்கையில், வயிற்றைவிடக் கழுத்தும் தொடையின் மேற்பகுதியுமே அதிகம் பாடுபடுவது தெரிகிறது.

குத்தின் வலு தோளில் பிறப்பதில்லை. பின்காலின் பாதம் தரையை உந்த, இடுப்பு திரும்ப, அந்த விசையைச் சிந்தாமல் கைமுஷ்டிவரை கடத்துவது வயிறும் இடுப்பும் கீழ்முதுகும் சேர்ந்த நடுவுடல்; விலாவில் அடி விழும் கணத்தில் மூச்சை விட்டு இறுகிக் காப்பதும் அதுவே. ஆகவே, நின்றபடி உடலைத் திருப்பி கனமான மெடிசின் பந்தைச் சுவரில் எறிதல், முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி இடுப்பு தொய்யாமல் உடலை நேராக நிறுத்தும் பிளாங்க், பக்கவாட்டில் கட்டிய ரப்பர் பட்டி இழுக்கும்போது உடல் திரும்பாமல் கைகளை முன்னே நீட்டுதல் ஆகியவற்றுக்கே முதலிடம் தர வேண்டும்.

சிட்-அப்பை முற்றாக விலக்கச் சொல்லவில்லை. எங்கள் காலத்தில் நாங்களும் அதைத்தான் எடுத்தோம். ஆனால் 3 நிமிடச் சுற்றுகள் மூன்றைத் தாங்க வேண்டிய பிள்ளைக்கு எண்ணிக்கை உதவாது. நடுவுடலைக் களைக்கச் செய்தபின் மோதல் பயிற்சிக்கு இறக்கும் வழக்கத்தையேனும் பயிற்றுநர்கள் உடனே கைவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தந்தை ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.